தொண்டை நாட்டுத் தனிக்குன்றங்களும் திருவொற்றியூரும்

தொண்டை நன்னாட்டின் கீழ்க்கரையில், வங்கக் கடலின் அலையோசை இடையறாது ஒலிக்கும் நெய்தல் நிலத்தே விளங்குவது திருவொற்றியூர். மூவர் பாடல் பெற்ற இத்திருத்தலத்தில், கிழக்கே நீர்ப்பரப்பும், மேற்கே தாழ்ந்த களிநிலமும், இடையே நீண்ட மணல் மேடும் அன்றி வேறொன்றையும் இயற்கை வைத்ததில்லை. கிணறு தோண்டுவோர் மணலைக் காண்பர், களியைக் காண்பர், நீரைக் காண்பர், கல்லைக் காணார். இராயபுரம் தொடங்கி எண்ணூர்க் கழிமுகம் வரை கரையோரமாக நடந்து செல்லும் ஒருவன், தானே தோன்றிய பாறை ஒன்றின்மீது ஓரிடத்திலேனும் கால் வைத்தல் இயலாது. மேற்கே சில கல் தொலைவில் செங்குன்றம் என்றோர் ஊர் உண்டு. அதுவும் பெயரளவிற் குன்றமேயன்றி, கண்ணுக்குப் புலப்படுவது செம்மண்ணும் செம்பூரான் கல்லும் கலந்த மேட்டு நிலமே.

இத்தகைய நிலத்தில் இறைவன் கொண்ட திருமேனியும் நிலத்துக்கு ஏற்றதாகவே அமைந்தது. ஆதிபுரீசுவரர் புற்றிடங்கொண்ட பெருமான். மண்ணே திருமேனியாதலின் அதற்கு நீராட்டு இல்லை. ஆண்டின் பெரும்பகுதி கவசம் சாத்தப்பெற்றே விளங்கும். கல்லில்லாத ஊரில் கல்லை வேண்டாத இறைவன் எழுந்தருளினான் என்று கூறின் அது மிகையாகாது. ஆயினும், அப்பெருமானைச் சூழ்ந்து நிற்கும் கருவறையோ கருங்கல்லால் ஆகியது. மதிலும் மண்டபமும் தூணும் தளவரிசையும் கருங்கல்லே. மணற்கரையில் இத்துணைக் கல் நிற்பதன் வரலாற்றை அறிய விரும்புவோர், ஊரை விட்டு நீங்கித் தொண்டை நாட்டுச் சமவெளியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் தனிக்குன்றங்களை நோக்கிச் செல்லுதல் வேண்டும்.

செல்லுமுன், கோயிற் கல்வெட்டொன்றைக் காண்பது தகும். கங்கை கொண்ட சோழன் எனப் புகழ்பெற்ற முதலாம் இராசேந்திரன் காலத்தில் (1012-1044), இத்தலத்து மடத்தில் தலைமை பூண்டிருந்த சதுரானன பண்டிதர் வேண்டிக்கொள்ள, இரவி என்னும் இயற்பெயருடைய வீரசோழத் தச்சன் இவ்விமானத்தைக் கருங்கல்லால் எடுப்பித்தான் என்று அக்கல்வெட்டுக் கூறும். பின்புறம் வளைந்து, படுத்துறங்கும் யானையின் முதுகு போலத் தோன்றுதலின், இவ்வகை விமானத்தைத் தூங்கானை மாடம் என்ப. நேர்க்கோட்டிற் கல் அடுக்குதல் ஒரு திறம். வளைவில் அடுக்குதல் வேறொரு திறம். ஒவ்வொரு கல்லின் முகத்தையும் வளைவுக்கு இயையச் செதுக்கி, அடுத்த கல்லொடு பொருந்த வைத்தல் வேண்டும். அரசர் பெயரும் ஆசாரியர் பெயரும் கல்லில் நிற்றல் வழக்கம். கல்லை நிறுத்திய கைக்குரியவன் பெயரும் உடன் நிற்பது அரிது. திருவொற்றியூர் அப்பேறு பெற்றது.

சதுரானனர் என்ற பெயரே ஒரு பழங்கதையை நினைவூட்டும். அம்மடத்தின் முதல்வர் துறவு பூணுமுன் வல்லபன் என்னும் பெயருடைய வீரர். சோழ இளவரசன் இராசாதித்தனின் உயிர்த்தோழர். 949-ஆம் ஆண்டு தக்கோலத்துப் போரில் இராசாதித்தன் யானைமேலிருந்தபடியே உயிர் துறந்தான். நண்பனுடன் தானும் மாயவில்லையே என்ற துயரால் அவர் கங்கைக்குச் சென்று நீராடித் துறவு பூண்டு, இறுதியில் ஒற்றியூர்க் கரையை வந்தடைந்தார் என்பது கல்வெட்டுச் செய்தி. தக்கோலமோ அரக்கோணத்துக்கு அண்மையில், தனிக்குன்றங்கள் தலைகாட்டத் தொடங்கும் எல்லையில் உள்ளது. அவர் வழிவந்த பெயர் தாங்கிய ஒருவர், அவருக்குப் பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிய, அக்கரைக்குக் கல்லால் ஒரு கோயிலை வேண்டிப் பெற்றார்.

இனிக் குன்றங்களைக் காணலாம். 1856-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாளன்று தென்னாட்டின் முதல் புகைவண்டி இராயபுரம் நிலையத்தினின்று புறப்பட்டு வாலாசா நோக்கிச் சென்றது. அவ்வழியே மேற்கு நோக்கிச் செல்வார்க்கு நெடுந்தூரம் வயலும் ஏரியும் பனையுமே காட்சி. அரக்கோணத்தை அணுகுங்கால் வானத்தின் விளிம்பில் நீலநிறத்தில் ஒரு மேடு தோன்றும், பின்னர் மற்றொன்று, பின்னர் இரண்டும் மூன்றுமாகப் பல. இவை மலைத்தொடர் அல்ல. ஒன்றன் தோளை ஒன்று பற்றி நிற்பனவும் அல்ல. நெல்வயலின் நடுவே, அடிவாரம் என்று சொல்லத்தக்க சரிவும் பெரிதும் இன்றி, திடீரென எழுந்து நிற்கும் பாறைக் குன்றங்கள் அவை. வண்டி ஓட ஓட அவை இடம் மாறுவன போலத் தோன்றும். சோளிங்கபுரத்தைக் கடக்கும்போது, யோக நரசிம்மர் எழுந்தருளிய பெரிய மலையும் ஆஞ்சநேயர் வீற்றிருக்கும் சிறிய மலையும் இரு தனி யாத்திரிகர்களைப் போல நிற்பதைக் காண்போர் வியவாதிரார்.

நிலநூலார் இத்தகைய குன்றைத் ‘தீவுமலை’ என்று பொருள்படும் செருமானியச் சொல்லால் வழங்குவர். கிழக்கு ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் இவ்வாறு நிற்கும் குன்றுகளைக் கண்ட வில்கெல்ம் போர்ன்ஹார்ட் என்பார் 1900-ஆம் ஆண்டில் அச்சொல்லைப் படைத்தார். கடலின் நடுவே தீவு நிற்பது போலச் சமவெளியின் நடுவே குன்று நிற்றலின் அப்பெயர். புதிய சொல்லேயன்றிப் புதிய எண்ணம் அன்று. பல்லவரத்துக்கு மேற்கே உள்ள திருநீர்மலைக்குத் தமிழர் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே அப்பெயரை வைத்துவிட்டனர். திருமங்கையாழ்வார் அம்மலையைச் சேவிக்க வந்தபோது நாற்புறமும் வெள்ளம் சூழ்ந்திருந்ததென்றும், நீர் வடியும் வரை ஆறு திங்கள் காத்திருந்து பாடினார் என்றும் வரலாறு கூறுவர். அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள் நின்ற கோலத்திலும், மேலே அரங்கநாதர் பள்ளிகொண்ட கோலத்திலும், நரசிம்மர் இருந்த கோலத்திலும், உலகளந்த பெருமான் நடந்த கோலத்திலும் காட்சி தருகின்றனர். அடையாற்றுப் படுகையில் ஏரிகளால் சூழப்பட்ட தாழ்நிலம் அது. பெருமழைக் காலத்தில் இன்றும் அங்கே நீர் தேங்கி நிற்கும்போது ஆழ்வார் காத்திருந்த காரணம் எவர்க்கும் விளங்கும்.

இக்குன்றங்கள் எவ்வாறு தனித்து நின்றன? நிலத்தைப் பிளந்துகொண்டு மேலெழுந்தன என்று எண்ணுதல் இயல்பு. உண்மை அதற்கு மாறாகும். குன்று எழவில்லை, அதனைச் சுற்றியிருந்த நிலமே தாழ்ந்தது. தொண்டை நாட்டின் அடித்தளம் மிகப் பழைய பாறை. அப்பாறையில் ஓரிடத்தில் வெடிப்புக்கள் நெருங்கியும், ஓரிடத்தில் அருகியும் அமைந்துள்ளன. வெடிப்பு மிகுந்த இடத்தில் மழைநீர் புகுந்து, வெப்பத்தின் துணையால் பாறையை நாளடைவில் மண்ணாக்கிவிடும். வெடிப்பு அருகிய இடமோ இறுகி நிற்கும். இளகிய மண்ணை ஆறுகள் கொண்டு செல்ல, இறுகிய உள்ளம் மட்டும் வெளிப்பட்டு நிற்கிறது. அதுவே குன்று. மாமல்லபுரத்தில் சரிவின்மேல் உருளாது நிற்கும் உருண்டைப் பாறையும் இவ்வாறு மண் நீங்க எஞ்சியதே.

அப்பாறையின் பழைமையை நினைக்குங்கால் உள்ளம் அடங்கும். பரங்கிமலை, பல்லவரம், திரிசூலம், திருக்கழுக்குன்றம் ஆகிய இடங்களில் உள்ள கருநீலப் பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தின் ஆழத்தே கடும் வெப்பத்தில் உருவாயிற்று. இதற்குச் சார்னோக்கைட்டு என்பது உலகெங்கும் வழங்கும் பெயர். அப்பெயர் வந்த கதை சுவையானது. கல்கத்தா நகரை நிறுவியவர் எனப்படும் யோபு சார்னாக் 1690-களின் தொடக்கத்தில் காலமானார். அவர் கல்லறைமேல் வைத்த கல், சென்னைப் பக்கத்தினின்று கொண்டு செல்லப்பெற்றது. இருநூறு ஆண்டுகள் கழித்து, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சார்ந்த தாமசு ஆலந்து அக்கல்லை ஆராய்ந்து, அது தனி இனத்தது எனக் கண்டு, கல்லறைக்குரியவர் பெயரையே பாறைக்குச் சூட்டினார். பல்லவர் குடைந்ததும் சோழர் அடுக்கியதுமான கல்லுக்கு, அதனைத் தம் வாழ்நாளில் பொருட்படுத்தியிராத ஒரு வணிகரின் பெயர் நிலைத்தது! பிறப்பிடமான பரங்கிமலைப் பாறை இன்று தேசிய நிலவியற் சின்னமாக அறிவிக்கப்பெற்றுள்ளது.

திருவொற்றியூரினின்று கருங்கல்லைத் தேடிச் செல்வார்க்கு முதலில் எதிர்ப்படுவது இக்குழுவே. பரங்கிமலை நேர்க்கோட்டில் 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பல்லவரம் ஏறத்தாழ 26 கிலோமீட்டர். இடையே கூவமும் அடையாறும் குறுக்கிடும். இன்று பாரவண்டி ஒரு மணி நேரத்தில் கடக்கும் இத்தொலைவு, எருதும் உருளைக் கட்டையும் துணையாகக் கொண்டு கல் இழுத்தார்க்கு எத்தகையதாக இருந்திருக்கும் என்பதைத் திருப்பணிக்குப் பொருள் உதவும் அன்பர்கள் எண்ணிப் பார்த்தல் தகும்.

கல்லைப் பிளத்தலும் தனிக்கலை. பாறையில் வரிசையாகச் சிறு குழிகள் இட்டு, அவற்றில் ஆப்பு அடித்து, ஒரே நேரத்தில் பிளவுபடச் செய்வர். அக்குழிகளின் தழும்பை மாமல்லபுரத்துப் பாறைகளில் இன்றும் காணலாம். பிளந்த கல்லைத் தட்டி ஓசையால் தெரிந்தெடுப்பது சிற்ப நூல் மரபு. மணி போல் ஒலிப்பது ஆண்கல். அது தேவர் திருவுருவுக்கு உரியது. தாளம் போல் ஒலிப்பது பெண்கல். அது தேவியர் திருவுருவுக்கு உரியது. ஒலியற்றது நபும்சகக் கல். அடித்தளத்துக்கும் தளவரிசைக்கும் ஆகும். வெடிப்பு உள்ள கல் ஓசை தராது என்பதே இதன் உட்பொருள். நிலநூலார் பல்லாயிரம் நூற்றாண்டுக் கணக்காற் கூறுவதைத் தச்சர் ஒரு தட்டினால் அறிந்தனர். உள்ளே வெடிப்பற்ற கல்தான் குன்றாக எஞ்சும். அதுவே கோயிலாகவும் நிற்கும்.

இனி, இக்குன்றங்களில் இறைவன் குடிகொண்ட வரலாறு. மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மண்டகப்பட்டில் குடைவித்த கோயிலின் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுதை என்னும் நான்குமின்றி மும்மூர்த்திகளுக்கு அமைத்த கோயில் இது எனப் பெருமிதத்துடன் பேசும். அவன் குடைவித்த கோயில்களை நிலப்படத்தில் குறித்துப் பார்ப்பின், அவை தனிக்குன்றங்களின் பட்டியலாகவே அமையும். மாமண்டூர், வல்லம், தளவானூர், சீயமங்கலம், பல்லவரம் யாவும் சமவெளியினின்று எழுந்த பாறைகளே. அரக்கோணத்துக்கு அப்பால் மகேந்திரவாடியில் குன்றென்று சொல்லவும் இயலாத ஒற்றைப் பாறையொன்றையே திருமாலுக்குக் கோயிலாக்கினான். அருகே தன் பெயரால் ஏரியும் அகழ்ந்தான். குன்றின் சரிவில் வழியும் மழைநீர் அடிவாரத்திற் சேர்தலின், தனிக்குன்றும் ஏரியும் தொண்டை நாட்டில் பெரும்பாலும் இணைந்தே காணப்பெறும். ஏரி உள்ளவிடத்து ஊர். ஊர் உள்ளவிடத்துக் கோயில். இது பக்தியும் உழவும் ஒருங்கே கண்ட வழி.

திருக்கழுக்குன்றத்தில் வேதங்கள் நான்கும் நான்கு குன்றங்களாயின என்பர். உச்சியில் வேதகிரீசுவரர், கீழே தாழக்கோயிலில் பக்தவத்சலேசுவரர், இடைவழியில் ஒருகல் மண்டபம் என்னும் பல்லவர் குடைவரை. சதுரங்கப்பட்டினத்தில் வாணிகம் செய்த உலாந்தாக்காரர் சிலர் பதினேழாம் நூற்றாண்டில் மலையேறி வந்து அம்மண்டபத்துக் கல்லில் தம் பெயர்களைப் பொறித்துச் சென்றனர். சுற்றுலாக் காண்போரின் கைக்குறும்பு இன்று நேற்றுத் தோன்றியதன்று. நண்பகலில் இரு கழுகுகள் வந்து குருக்கள் கையமுதை உண்டு செல்லும் காட்சியைக் காண அடியார் திரண்ட காலம் ஒன்று இருந்தது. 1990-களின் இறுதியோடு அவற்றின் வருகை நின்றது. நாடெங்கும் அப்பறவை இனமே அருகிவிட்டது.

குன்றத்தூரின் சிறு குன்றில் முருகப்பெருமான் வடக்கு நோக்கி நிற்கின்றான். திருவொற்றியூர் அடியார்க்கு இவ்வூர்மேல் தனி உரிமை உண்டு. சுந்தரர் சங்கிலி நாச்சியாரை மணந்ததும், மகிழின்கீழ் இறைவன் சாட்சியாகப் பிரியேன் எனச் சூளுரைத்ததும், அதனை மறந்து ஊரெல்லை கடந்ததும் கண்ணொளி இழந்ததும் விரிவாக உலகறியச் செய்தவர் சேக்கிழார் பெருமான்; அவர் பிறந்த ஊர் குன்றத்தூர். கரையில் நிகழ்ந்ததைக் காவியமாக்கக் குன்றின் நிழலில் ஒருவர் பிறந்தார். வடக்கே திருத்தணிகை, ஆண்டின் நாட்களுக்கு ஒப்ப 365 படிகளொடு நிற்கிறது. தென்மேற்கே அண்ணாமலை 2,668 அடி உயர்ந்து நிற்கிறது. அங்கே மலையே இறைவன்.

கல் மட்டுமன்று, ஒற்றியூர்க் கரையின் மண்ணும் குன்றங்களின் கொடையே. நகரி மலைப்பக்கத்து நீரையும் சேர்த்துக்கொண்டு வரும் கொசத்தலையாறு, பூண்டி வழியாக ஓடி எண்ணூரிற் கடலை அடைகிறது. மழைக்காலத்தில் அது சுமந்துவரும் மணல், தேய்ந்த குன்றின் துகள். அவ்வாற்றுப் படுகையில் அல்லிக்குழி மலைப்பக்கத்தே அத்திரம்பாக்கம் என்னும் சிற்றூர் உள்ளது. 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் பல்லவரத்தில் சரளைக் குழியொன்றில் ஆதிமனிதனின் கற்கருவியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூசு பூட், அதே ஆண்டில் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்திலும் அத்தகைய கருவிகளைக் கண்டார். அங்கே நிகழ்ந்த பிற்கால அகழாய்வின் முடிவு 2011-ஆம் ஆண்டு வெளிவந்தபோது, அக்கருவிகளின் காலம் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் என அறியப்பட்டது. மலையினின்று உருண்டு வந்த கூழாங்கல்லை எடுத்து உடைத்துக் கூராக்கிய கைகள் அவை. கல்லின் உள்ளத்தைத் தட்டி அறியும் கலைக்குத் தொண்டை நாட்டில் அத்துணைப் பழைமை.

கடலிலிருந்து நோக்கினார்க்கும் இக்குன்றங்கள் துணை செய்தன. தாழ்ந்த கரை தொலைவில் கண்ணுக்குப் படாது. நகரி மலையின் கூரிய முனையை மாலுமிகள் ‘நகரி மூக்கு’ என்றழைத்து அடையாளமாகக் கொண்டனர். பரங்கிமலையும் அவ்வாறே உதவிற்று. 1802-ஆம் ஆண்டு ஏப்பிரல் 10-ஆம் நாள் வில்லியம் லாம்டன் இந்திய நிலப்பரப்பை அளக்கத் தொடங்கியது அதன் அடிவாரத்திலேதான். பெரும்பாக்கத்துச் சிறுகுன்றை நோக்கி ஏழரை மைல் நீளத்துக்கு ஒரே அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்க 57 நாட்கள் ஆயின. பின்னாளில் இமயச் சிகரங்களின் உயரத்தைக் கணித்த பெரும்பணிக்கு முதற்கோடு அது.

இதுகாறும் கூறியவற்றில் குன்றம் கரைக்கு அளித்தது அளவோடு நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த அளவு மாறிற்று. சென்னைக்குத் துறைமுகம் வேண்டுமென 1875-ஆம் ஆண்டு திசம்பரில், பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னரான வேல்சு இளவரசர் அடிக்கல் நாட்டினார். கடலுள் இரு கைகள் போல நீண்ட அலைத்தடுப்புக்களுக்குப் பல்லவரத்துக் கல் இருப்புப்பாதை வழியே வந்து குவிந்தது. பணி முடியும் தறுவாயில், 1881-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் வீசிய பெரும்புயல் அத்தடுப்புக்களைச் சிதைத்தது. மீண்டும் கல் வந்தது, மீண்டும் கட்டினர். துறைமுகத்தால் வாணிகம் வளர்ந்ததும், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதனால் உண்டு உடுத்ததும், வடசென்னைக் கோயில்களின் திருப்பணிகளுக்கு அவ்வுழைப்பின் ஊதியம் வந்து சேர்ந்ததும் மறுக்கலாகா.

ஆயினும், கடலுக்கு ஒரு கணக்கு உண்டு. இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றில் சிறிது திரும்புகிறது. கூட்டிக் கழித்தால் வடக்கே செல்வதே மிகுதி. துறைமுகத்தின் கற்சுவர் அதனைத் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்து, 1880-களில் உலாவுசாலை கண்ட மெரினாக் கடற்கரை அகன்றது. வடக்கே மணல் வரத்து அற்றது. அலை மட்டும் வந்தது. இராயபுரத்திலும் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் கடல் ஆண்டுதோறும் உள்நுழைந்து, மீனவர் குப்பங்களையும் தெருக்களையும் கொண்டது. பட்டினத்தார் சமாதிகொண்ட கரையும் இதே கரை. அள்ளிய கடலை நிறுத்த மீண்டும் நாடப்பெற்றது கருங்கல்லே. எண்ணூர் நெடுஞ்சாலையின் ஓரமாகப் பாறைக் குவியல்கள் கொட்டப்பெற்றன. இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரைக்குக் குறுக்கே கடலுள் நீளும் கற்றிட்டுக்கள் அமைந்தன. மீனவர் அவற்றைத் தூண்டில் வளைவு என்பர். இன்று இராயபுரம் முதல் எண்ணூர் வரை கரையில் நடப்பவன் பாறைமேலேயே நடக்கலாம். ஆனால் அவற்றுள் ஒன்றேனும் அவ்விடத்துப் பாறை அன்று.

கொடுத்த குன்றங்களின் நிலை என்ன? பல்லவரம், பம்மல், திரிசூலம், குன்றத்தூர்ப் பக்கங்களில் பல குன்றங்கள் பாதியாயின, சில தரைமட்டமாயின, சில தரைக்கும் கீழே குழியாயின. திரிசூலநாதர் கோயிலைச் சூழ்ந்த குன்றங்களின் உடைந்த முகங்களை விமான நிலையத்துக்கு வருவோர் வானிலிருந்தே காண்கின்றனர். மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரத்தில் கல் எடுத்துக் கைவிட்ட குழிகளில் மழைநீர் நிரம்பிக் கல்குட்டைகளாயின. 2017-ஆம் ஆண்டு ஏரிகள் வறண்டு நகரம் தவித்தபோது அந்நீரைத் தூய்மை செய்து குடிநீராக வழங்கினர். குன்றாய் நின்றபோது அடிவாரத்து ஏரிக்கு நீர் தந்த பாறை, குழியான பின்னும் நீர் தந்தது.

எஞ்சியவை எவை என்று நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். திருநீர்மலை நிற்கிறது. குன்றத்தூர்க் குன்று நிற்கிறது. கழுக்குன்றமும் தணிகையும் சோளிங்கபுரமும் நிற்கின்றன. பரங்கிமலை நிற்கிறது, அதன் உச்சியில் போர்த்துக்கேசியர் 1547-ஆம் ஆண்டையொட்டிப் புதுக்கிய மாதா கோயில் உண்டு, பெட்ரசு உசுகான் என்னும் அர்மீனிய வணிகர் அமைத்த படிகளும் உண்டு. பல்லவரத்தில் மகேந்திரன் விருதுப் பெயர்களைத் தாங்கிய குடைவரை நிற்கிறது. அது இன்று இசுலாமியர் தொழும் தர்காவாக விளங்குகிறது. பெயரும் வழிபாடும் வேறாகலாம். ஒரு விளக்கு எரிந்த குன்றின்மேல் கல்லுடைப்போர் கை வைக்க அஞ்சினர். விளக்கில்லாத குன்றுக்கு அக்காவல் இல்லை. ஊர்ப் பெயரில் குன்றும் மலையும் இருக்க, ஊரில் குழி மட்டும் இருக்கும் இடங்கள் சென்னையைச் சூழப் பல.

கோயில்களும் கல்லைக் கொண்டனவே என்று ஒருவர் வினவின், அது நேர்மையான வினாவே. கொண்டன; ஆனால் கொண்ட கல்லை அழிய விடவில்லை. வீரசோழத் தச்சன் அடுக்கிய கல் ஆயிரம் ஆண்டுகளாக அவன் வைத்த இடத்திலேயே நிற்கிறது. குடமுழுக்குத் தோறும் கழுவித் துடைத்து, பெயர்ந்த கல்லை மீண்டும் பொருத்தி, எழுத்துப் பொறித்த கல்லை மதித்துப் போற்றும் திருப்பணிக்கு, புதிய கல் தேவைப்படுவது சிறிதே. பழைய கல்லின்மேல் சுண்ணாம்போ வண்ணமோ பூசாது எழுத்துத் தெரிய விடுவதும், உடைந்த தூணைக் களைந்தெறியாது செப்பனிட்டு நிறுத்துவதும் இக்கணக்கிற் சேர்வனவே. ஒற்றியூரில் வட்டப்பாறையம்மன் என்னும் திருப்பெயர் வழங்குவதும் நினைக்கத்தக்கது. பாறையில்லாக் கரையில் அம்மையின் பெயரிலேயே பாறை உண்டு.

கார்த்திகைத் திங்கள் நிறைமதி நாளில் ஆதிபுரீசுவரர் திருமேனியின் கவசம் களையப்பெறும். அன்று தொடங்கி மூன்று நாட்கள் மட்டும், புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்திய புற்று வடிவை அடியார்கள் நேரிற் காணலாம். வெளித்திருச்சுற்றில் கடற்காற்று வீச, வளைந்த கருங்கற் கருவறையைச் சுற்றி வரிசை நீளும். அந்நாளையொட்டியே தென்மேற்கே அண்ணாமலையின் உச்சியில் பெருந்தீபம் ஏற்றப்பெறும்; குன்றத்தூரிலும் கழுக்குன்றத்திலும் தணிகையிலும் அகல்கள் படிதோறும் எரியும்.